ஒவ்வொரு விபத்திலும் ஒரு மேஸ்த்ரோ

எர்சிலியா தல்பார் நேப்பிள்ஸ் நகரத்துக்கு வந்து இறங்கியபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தாள். ஒன்றில் தூரிகைகளும் வண்ணக் குழாய்களும். இன்னொன்றில் புத்தகங்கள். மூன்றாவதாக அவள் கொண்டுவந்ததற்குப் பெட்டி தேவைப்படவில்லை. மேஸ்த்ரோ அமெதேயோ சனோல்லியைப் பழிவாங்கியே தீருவது என்ற தீர்மானம் அது. வடக்கு மலையிலிருந்து தெற்குக் கடல்வரை, ரயில் குலுங்கிய குலுக்கலில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

மேஸ்த்ரோ சனோல்லி மாபெரும் ஓவியர் என்பது வடக்கே எல்லோருக்கும் தெரியும். அவருடைய படங்களை வரைவது யார் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவருடைய பட்டறையில் சேர்ந்த புதிதில் எர்சிலியாவுக்குக் கொடுக்கப்பட்டது வானம் மட்டும். "மேகத்தை நீ போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். கொஞ்ச நாளில் கைகளும் அவளிடம் வந்தன. விரல் வரைந்தால் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். அப்புறம் முகங்கள். கடைசியில் அவருக்கென்று மிஞ்சியது வலது கீழ் மூலையில் போடும் கையெழுத்து. அந்த ஒரு வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகுந்த சிரத்தையோடு செய்தார்.

எர்சிலியாவின் தங்கை நீவெஸ் ஒரு தையல்காரி. வேலைக் களைப்பில் தையல் மெஷின்மேலேயே தலைவைத்துத் தூங்கிப்போன அவளை எர்சிலியா ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். அந்தப் படத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது, மேஸ்த்ரோவுக்குத்தான். விழாவில் யாரோ ஒரு பத்திரிகைக்காரர், பின்வரிசையில் நின்ற எர்சிலியாவைக் காட்டி, "அந்தம்மா யாரு?" என்று கேட்டார். மேஸ்த்ரோ மைக்கிலேயே பதில் சொன்னார்:

"எர்சிலியாவா? நல்ல பொண்ணு. என் பிரஷ்ஷை அவ மாதிரி சுத்தமா கழுவ இந்த நாட்டுலயே ஆள் கிடையாது."

அரங்கம் சிரித்தது. மரியாதைக்காக எர்சிலியாவும் சிரித்துவைத்தாள். மேஸ்த்ரோவை மன்னிக்காததுபோலவே, அந்தச் சிரிப்புக்காகத் தன்னையும் அவள் மன்னிக்கவில்லை. அந்தப் படத்தை வரைந்தது யார் என்று அந்த மனிதர் தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் அவளுக்குப் போதாது. அதற்கு மேல் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்வதாகவும் இல்லை.

நேப்பிள்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஊரிலிருந்து நேர் ரயில் போகும் மிகத் தூரமான இடம் அது என்பதுதான். மற்ற பெண்கள் புது நகரத்துக்கு வந்தால் சந்தை எங்கே, தையற்கடை எங்கே என்று தேடுவார்கள். எர்சிலியா பழிவாங்கத் தோதான இடங்களைத் தேடி அலைந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே வழிதவறிப் போவாள். படிக்கட்டுத் தெருக்களில் ஏறி, துணி காயும் கயிறுகளுக்கு அடியில் குனிந்து, ஒருவரைத் தள்ளிவிட ஏற்ற மாடங்களையும் பாறை முனைகளையும் பார்த்து அங்கேயே உட்கார்ந்து வரைவாள். எரிமலை வாய் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே போக நுழைவுச்சீட்டு எடுத்து, வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். பழிவாங்க வருகிறவர்களின் வசதியை அந்த நிர்வாகம் கொஞ்சமும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வார நாட்களில் படித்தாள். பழைய புத்தகக் கடைத் தெருவில் நஞ்சுகளின் வரலாறு, வாள்சண்டை விதிகள், தீவுக்காரர்களின் தலைமுறைப் பகைகள் என்று பொறுக்கி எடுத்து, வாடகை அறையின் வெளிப்படியில் உட்கார்ந்து படித்தாள். நஞ்சை அவள் நிராகரித்தாள். நஞ்சு வைத்தால் மேஸ்த்ரோ செத்துப்போவார். செத்துப்போனால் சிலை வைப்பார்கள். வாளையும் நிராகரித்தாள். அதைக் கழுவ வேண்டியிருக்கும். கழுவுகிற வேலையை அவள் விட்டுவிட்டாள்.

அந்தப் படிக்கு எதிரில்தான் தொன்னா தித்தீனாவின் ஒற்றை அறை வீடு. வாசலிலேயே அடுப்பு வைத்து மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்து விற்பவள். உடம்பும் குரலும் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும்.

"ஏய் வடக்கத்தி! நாள் பூரா புத்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு என்ன தேடற? உள்ள சாப்பாடு எதுவும் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப வெளிய வா, இந்தா ஒண்ணு சாப்பிடு. முகத்தைப் பாரு, வத்தல் மாதிரி. எங்க ஊர்ல படிச்சவங்களை டாக்டர்னு சொல்லுவோம். உன்னை மாதிரி சிரிக்காம படிக்கறவங்களைப் புரொபஸர்னு சொல்லுவோம்."

அன்றிலிருந்து எர்சிலியா தெருவுக்குப் புரொபஸர் ஆனாள்.

பிழைப்புக்கு ஒரு வேலையும் தித்தீனாவே பிடித்துக்கொடுத்தாள். அவள் தலையில் விழ வேண்டிய பூத்தொட்டி ஒன்று, மேல்மாடியிலிருந்து வந்து ஒரு சாண் தள்ளி விழுந்து உடைந்திருந்தது. உயிர் தப்பியவர்கள் தெருமுனைக் கிணற்று மாதா கோயிலில் நேர்ச்சைப் பலகை மாட்ட வேண்டும். கையகலப் பலகையில் நடந்த ஆபத்தையும், அதில் சிக்கியவர் முகத்தையும் அச்சாக வரைந்து, மேல் மூலையில் மேகத்தோடு மாதாவை வைக்க வேண்டும். யாரைக் காப்பாற்றினோம் என்று மாதாவுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே. பலகையில் பொய் வரையக்கூடாது. மாட்டிய பலகையை யாரும் கழற்றக்கூடாது. அது மாதாவின் சொத்து. பங்குச் சாமியார் தொன் எராஸ்மோ ஒருமுறை வெள்ளையடிக்கக் கழற்றச் சொன்னபோது, வெள்ளையடிக்க வந்தவனே எழுந்து போய்விட்டான்.

எர்சிலியா பூத்தொட்டியை வரைந்தாள். தித்தீனாவை, கொதிக்கும் எண்ணெயை, மாதாவை வரைந்தாள். மேல்மாடி ஜன்னல் காலியாக இருந்தது. அவள் தூரிகை அங்கே போய்ச் சற்று நின்றது. பிறகு தானாக வேலையைத் தொடங்கியது. பளபளக்கும் வழுக்கை, ஆட்டுத்தாடி, பாதி மூடிய இடது இமை, சட்டைக் காலரைத் தொடுமளவுக்குத் தொங்கும் காது. மேஸ்த்ரோ அமெதேயோ சனோல்லி ஜன்னலில் நின்று, விழும் தொட்டியை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தித்தீனா பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எல்லாம் சரி. மேல இருக்கற இந்த ஆள் யாரு?"

"தொட்டி தானா விழாதே. யாராவது இருந்திருக்கணும் இல்ல?"

"இருந்திருக்கணும்தான்" என்றாள் தித்தீனா யோசனையோடு. "நான் பாக்கல. ஆனா நீ படிச்சவ, உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பலகை கோயிலில் ஏறியது. மெஷினிலிருந்து நீவெஸைத் தட்டி எழுப்பிவிட்டதுபோல எர்சிலியாவுக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு. சந்தில் ஸ்கூட்டர் சறுக்கியவனுக்கு வரைந்தாள். சந்துமுனையில் மேஸ்த்ரோ நின்றார். குடல்வால் அறுத்தவளுக்கு வரைந்தாள். அறுவை அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேஸ்த்ரோ. படகு கவிழ்ந்த மீன்காரனுக்கு வரைந்தாள். கரையில் எலுமிச்சை ஐஸ் சாப்பிட்டபடி மேஸ்த்ரோ. முதலில் அவரை வில்லனாகவே போடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சும்மா நின்று பார்ப்பதுதான் அவருக்குப் பொருந்தியது. எர்சிலியா வேலைசெய்த காலமெல்லாம் அவர் செய்ததும் அதுதானே. எத்தனை பேர் விழுந்து எழுந்தார்களோ அத்தனை முறை அவர் கோயிலில் ஏறினார். அந்தத் தெருக்காரர்கள் நிறையவே விழுகிறவர்கள்.

இதெல்லாம் ஒரு கேலி என்றுதான் எர்சிலியா நினைத்திருந்தாள். வடக்கில் பிறந்தவளுக்கு வேறெதுவும் தோன்ற வழியில்லை.

நகரத்துக் கால்பந்துக் குழு கோப்பை வென்ற மறு ஆண்டு வசந்தத்தில், கடற்கரைப் பக்கத்துப் பணக்காரத் தெருவில் சுவரொட்டிகள் முளைத்தன. திருமதி லீவியா நடத்தும் ஓவியக் கூடத்தில் மேஸ்த்ரோ சனோல்லியின் வாழ்நாள் படைப்புகள். சுவரொட்டியில் நீவெஸ் தூங்கிக்கொண்டிருந்தாள்; அவளுடைய காலடியில் கையெழுத்து விழித்துக்கொண்டிருந்தது.

மேஸ்த்ரோ ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். பாமர மக்களின் பலகை ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பத்திரிகையில் சொல்லிக்கொள்ள உதவும். யாரோ கிணற்று மாதா கோயிலைக் கைகாட்டினார்கள். செய்தி அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டதால் எர்சிலியா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இத்தனை நாள் காத்திருந்தது அந்த முகம் கறுப்பதைப் பார்க்கத்தான்.

மேஸ்த்ரோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பலகையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். சுவர் முழுக்க ஒரு நடை நடந்தார். முகம் கறுக்கவில்லை, மலர்ந்தது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"சாமி!" என்று தொன் எராஸ்மோவைக் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "இந்த ஜனங்க என்னை இவ்வளவு நேசிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. ஆபத்துல எல்லாம் என்னைத்தான் நினைச்சிருக்காங்க!"

 தூணுக்குப் பின்னால் எர்சிலியாவுக்கு, நஞ்சே வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

 தொன் எராஸ்மோவின் கை மேலங்கிக்குள் போய்ச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த தித்தீனா திரும்பினாள். ஆளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி ஆளைப் பார்த்தாள். வழுக்கை, தாடி, இமை, காது. இரும்பு வத்தித்தண்டை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வலக்கையின் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்புபோல் தரையை நோக்கி நீட்டினாள்.

"மாதாவே" என்றாள் மெதுவாக. "இவன் பார்வைதான் எல்லாத்துக்கும் காரணம்."

எதையும் தொட மாட்டான், எதையும் செய்ய மாட்டான், சும்மா நின்று பார்ப்பான். பார்த்த இடத்தில் தொட்டி விழும், படகு கவிழும். அப்படிப்பட்ட ஆள் தலைமுறைக்கு ஒருவன் வருவான் என்று நேப்பிள்ஸில் எல்லோருக்கும் தெரியும்; இரும்பைத் தொட்டாலோ கொம்பைக் காட்டினாலோதான் அவன் கண்ணிலிருந்து தப்பலாம் என்பதும் தெரியும். இந்த ஆளுக்கோ சாட்சி சுவர் முழுக்க இருந்தது. பலகையில் யாராவது பொய் வரைவார்களா?

மேஸ்த்ரோ மனம் குளிர்ந்து வெளியே வந்தார். திருவிழா விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவன் ஏணி உச்சியில் இருந்தான். மேஸ்த்ரோ அண்ணாந்து, புன்னகையோடு, "அருமை!" என்றார். ஏணி சரிந்தது. ஆள் மீன்கூடையில் விழுந்து ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தான். ஆனால் எழுந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "நம்ம ஆளு வந்துட்டாரு!"

இந்த இடத்திலிருந்து அவர் பெயர் இந்தக் கதையிலும் வராது. அப்படிப்பட்டவர் பெயரை நேப்பிள்ஸில் யாரும் உச்சரிப்பதில்லை. வாசிக்கிறவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் நகரம் தன் கடமையைச் செய்து முடித்திருந்தது. அவரைக் கண்டதும் டாக்சிகள் வேகமெடுத்தன. அவர் குடித்த காப்பிக் கோப்பையைக் கடைக்காரர் துண்டால் பிடித்துக் கொண்டுபோய் உடைத்தார். சுவரொட்டிகளில் பெயர் இருந்த இடம் மட்டும் கிழிந்திருந்தது. அவர் நடந்த பக்கம் ஆண்களின் கைகள் ஒரே நேரத்தில் கால்சட்டைப் பைகளுக்குள் போயின. பேருக்காகவே வாழ்ந்த மனிதருக்கு, நகரத்தில் பேரே இல்லாமல் போயிற்று.

ஓவியக் கூடத்தின் வாசல்வரை விருந்தினர்கள் வந்தார்கள். உள்ளே அவரைப் பார்த்ததும் ஒருவருக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்தது, ஒருவருக்கு அத்தை செத்துப்போனாள். எதிர்ச் சாரியில் தித்தீனாவும் பாதித் தெருவும் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் எர்சிலியா, தன்னிடமிருந்த ஒரே நல்ல கவுனில்.

"உள்ள போகலையா புரொபஸர்?"

"கூப்பிடட்டும் தொன்னா தித்தீனா."

"அவனா? அவன் கூப்பிட்டா நீ போகக்கூடாது, அங்க கூரை விழும்."

திருமதி லீவியா பாரிஸில் படித்தவள். "இந்த மூடநம்பிக்கை எல்லாம் எனக்குக் கிடையாது" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்; அவருக்கு நாலடி தள்ளி, ஒரு கையில் சாவிக்கொத்தோடு. உள்ளே தைரியமாக நின்ற ஒரே விருந்தாளி, மருந்துக் கம்பெனி முதலாளி ஒருவர். கழுத்துச் சங்கிலியில் சிவப்புக் கொம்புத் தாயத்து. அதைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டிருந்தார். தூங்கும் நீவெஸின் முன்னாலிருந்து அவரால் நகர முடியவில்லை.

"எங்கம்மாவும் தையல்காரிதான்" என்றார் லீவியாவிடம். "இப்படித்தான் தூங்குவா. இதை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோகணும்மா. ஆனா அந்தக் கை பட்ட எதையும் என் வாசலைத் தாண்ட விட மாட்டேன். எனக்குப் பேரன் பிறந்து இருபது நாள்தான் ஆகுது."

பெயர் இல்லாதவருக்கு இது காதில் விழுந்தது. காது பெரியது அல்லவா. படங்களெல்லாம் அவருடைய சொத்து. விற்றால் காசு அவருக்கு. விற்காமல் போனால் லீவியா அன்றே மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். செய்தி வடக்குவரை போகும். அவர் ஒருகணம் தன் பெயரையும் தன் பணப்பையையும் தராசில் வைத்துப் பார்த்தார். தராசு அதிகம் ஆடவில்லை.

"ஐயா, இருங்க! இந்தப் படத்தை நான் தொட்டதே இல்ல!"

 வாசலில் தயங்கியவர்கள் தலையை நீட்டினார்கள்.

"சத்தியமா?" என்றார் முதலாளி, தாயத்தைப் பிடித்தபடி.

"என் தாய்மேல சத்தியம். ஒரு கோடுகூட நான் போடல. நான் அப்ப வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு வெளியூர் போயிருந்தேன், வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

"அப்ப யாரு வரைஞ்சது?"

அவர் தாடியைத் தடவினார். எதிர்ச் சாரியில் எர்சிலியா நடைபாதை விளிம்புவரை வந்துவிட்டாள்.

"எர்சிலியா" என்றார். "எர்சிலியா தல்பார்."

"சத்தமா சொல்லுங்க, வெளிய கேக்கல!" என்று கத்தினாள் தித்தீனா.

"எர்சிலியா தல்பார்!"

எர்சிலியா தெருவைக் கடந்து உள்ளே வந்தாள். அதற்குள் வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து, "இது?" "இந்த ஆத்தங்கரை?" என்று கைகாட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் கைவிட்டார். "நான் இல்ல. அவதான். அதுவும் அவதான்." விற்கிற வேகத்தில், தாமே வரைந்த ஒரு தட்டுப் பேரிக்காய்ப் படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"மன்னிக்கணும்" என்றாள் எர்சிலியா. "பேரிக்கா என்னது இல்ல. அவ்வளவு மோசமா எனக்கு வரைய வராது."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்ப இந்த மனுஷர் உங்ககிட்ட என்ன வேலை பாத்தாரும்மா?" என்று கேட்டார்.

இத்தனை வருடம் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு கேள்வியை எதிரியின் முன்னால் யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

"இவரா?" என்றாள். "நல்ல மனுஷர். பிரஷ் கழுவுவாரு. ஆனா சுத்தமா கழுவ மாட்டாரு."

தெரு முழுக்கச் சிரித்தது. இந்த முறை எர்சிலியா மரியாதைக்குச் சிரிக்கவில்லை. திருமதி லீவியா நகம் தேய்க்கும் அரத்தால் கையெழுத்தைச் சுரண்டினாள், சாவியை விடாமல். எர்சிலியா அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். நாக்கைக் கடித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. அவர் பேரிக்காய்ப் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எர்சிலியாவுக்கு நிம்மதி. அடுத்த வாரமே, வெந்நீர் கொட்டித் தப்பித்த ஒருத்தி பலகை கேட்டு வந்தாள். எர்சிலியா சமையலறையையும் பானையையும் மாதாவையும் வரைந்து கொடுத்தாள். வந்தவள் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவர் எங்க?"

"யாரு?"

"அதான்... அவர். ஜன்னல்ல போடலையே."

"அவர்தான் ஊரை விட்டே போயிட்டாரேம்மா."

"போனா? அவர் பாக்காம எனக்கு எப்படி வெந்நீர் கொட்டும்?"

அடுப்படியிலிருந்து தித்தீனாவின் குரல் வந்தது: "மாதாகிட்டப் பொய் சொல்லாத புரொபஸர்! ஒழுங்கா ஆளைப் போடு!"

அந்தத் தெருவில் அவர் இல்லாத விபத்தே இப்போது கிடையாது. அவர் இல்லாத பலகையை யாரும் வாங்குவதும் இல்லை. அவருடைய பட்டறையை விட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்தவள், காலையில் எழுந்ததும் முதலில் வரைவது அவர் வழுக்கையைத்தான். தன் தங்கையின் முகம் மறந்தாலும் அந்த இமை எர்சிலியாவுக்கு மறக்காது. தலையெழுத்தே என்று உட்கார்ந்து வரைகிறாள். ஒரு சலுகை மட்டும் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறாள்: ஒவ்வொரு பலகையிலும் காதை, முந்தினதைவிட ஒரு நூல் நீளமாகப் போடுகிறாள். போன பெரிய வெள்ளிக்கு வரைந்ததில் அது முழங்காலைத் தொட்டுவிட்டது.